வியன்னாவில் ஒரு பெட்டி

தெருவில் அவருக்கு ஆறடி என்று பெயர். செருப்போடு நின்றால்தான் ஐந்தடியைத் தொடுவார். சவப்பெட்டி செய்கிறவருக்கு வேறு என்ன பட்டம் கொடுப்பார்கள்? ஆனால் முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவர் திரும்பிப் பார்ப்பதுதான் யாருக்கும் ஆகாது.

அந்தக் கண் அப்படி. தலையில் தொடங்கி, தோளில் ஒரு நொடி நின்று, காலில் போய் முடியும். அவ்வளவுதான், அளவு விழுந்துவிடும். கடையில் தொங்கும் டேப் வாடிக்கையாளர் மனத்திருப்திக்கு மட்டும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பால் பாக்கெட் போடுகிறவர், வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் கொட்டாவி விடுகிறவர், எல்லோருக்கும் அவர் தலைக்குள் ஒரு பெட்டி தயாராக இருந்தது. வேண்டுமென்று செய்வதில்லை. பல் வைத்தியர் சிரிக்கிறவர் வாயைப் பார்க்கிற மாதிரி, அதுபாட்டுக்கு நடந்துவிடும்.

அதனால் அவருக்கு இரண்டு கட்டுப்பாடு இருந்தது. உயிரோடு இருக்கிறவர் அளவை வாய் திறந்து சொல்லக்கூடாது. உயிரோடு இருக்கிறவர் பெட்டிக்கென்று ஒரு துண்டுப் பலகைகூடத் தனியாக எடுத்து வைக்கக்கூடாது.

முதல் கட்டுப்பாட்டை ஒரே ஒரு முறை மீறியிருக்கிறார். கல்யாணமான புதிது. மனைவி விடவில்லை. "ஊரையே அளக்கறீங்க, எனக்கு எவ்வளவுன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார், கிண்டினார், கையைப் பிடித்து இழுத்தார். சொல்லிவிட்டார். அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். அன்று முழுக்கப் பேச்சே இல்லை.

அன்றிலிருந்து அவர் மனைவியை முழுசாகப் பார்ப்பதை விட்டுவிட்டார். முகத்தைப் பார்ப்பார். ஊசி பிடித்த கையைப் பார்ப்பார். தூரத்தில் நடந்து வந்தால் தலையைக் குனிந்து இழைப்புளியின் கத்தியைச் சரிசெய்வார்.

"அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்? ஏறெடுத்துப் பாத்தா கண்ணு அவிஞ்சிடுமா?" என்று அந்த அம்மா குத்திக் காட்டுவார்.

"நல்லா இருக்கே. அதான் பாக்கல" என்பார் இவர். வேறெந்த வீட்டிலும் இதைக் கொஞ்சலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாவைத் தெருவே அக்கா என்றுதான் அழைக்கும். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெட்டிக்கு உள்துணி தைப்பது அக்காவின் வேலை. பலகையின் மேல் பஞ்சு விரிப்பைப் போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணியைச் சுருக்கம் வைத்துத் தைப்பார். தோள் வருகிற இடத்தில் மட்டும் பஞ்சை இரட்டிப்பார். "படுக்கிறவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று யாராவது கேட்டால், "உனக்குத் தெரியும்ல, போதும்" என்பார்.

கீழே பட்டறை, மேலே இரண்டு அறை. மேலே இருந்த சாமான் எல்லாம் கீழே மிஞ்சிய துண்டுகளில் பிறந்தவை. முக்காலி, செருப்பு அலமாரி, மகள் படித்த பலகை எல்லாமே. மகளின் தோழிகள் ஒருத்திகூட அந்த முக்காலியில் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டு மேஜை மட்டும் வரவே இல்லை. அதற்கென்று பட்டறை மூலையில் ஒரு பலகை சாத்தியிருந்தது. அகலமானது, ஒரு கணு கிடையாது. "அடுத்த வாரம்" என்று சொன்ன மேஜை. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்கே போய்விட்டாள், அடுத்த வாரம் மட்டும் வரவில்லை. குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வராமல் போனது மேஜை மட்டுமா? கல்யாணமான கையோடு கடலுக்குப் போகக் கிளம்பினார்கள். பேருந்து நிலையத்துக்கே ஆள் வந்து கூட்டிப்போனது. மலைக்குப் போனார்கள், பாதி மலையில் போன் அடித்தது. மகளின் பட்டமளிப்புக்குத் தலையில் மரத்தூளோடு போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய வேலையையும் நாளைக்குத் தள்ளலாம், இவருடையதை மட்டும் தள்ள முடியாது. நாளைக்கு நாறிவிடும்.

இப்படிப்பட்ட குடும்பம் வியன்னாவுக்குப் போகத் திட்டம் போட்டதற்கு அக்காவின் தம்பிதான் காரணம். அமரர் ஊர்தி ஓட்டுகிறவன். சவாரி என்று பெயர். "என் வண்டில ஏறினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல" என்பது அவன் பெருமை. ஒரு நாள் பட்டறைக்குள் போனை நீட்டியபடி வந்தான்.

"மாமா, இதப் பாருங்க. உங்க தொழிலுக்கே உலை வச்சவன் ஒருத்தன் இருந்திருக்கான்."

வியன்னாவின் பெரிய கல்லறைத் தோட்டத்தில் சவ அடக்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம். அதில் ஒரு பெட்டி. அடிப்பக்கம் இரண்டு கதவாகத் திறக்கும். இருநூறு வருஷத்துக்கும் முந்தி அந்த ஊரை ஆண்ட சக்கரவர்த்தி மரம் வீணாகிறதே என்று கவலைப்பட்டு உத்தரவு போட்டாராம். குழிக்கு மேலே பெட்டியை நிறுத்தி அடிக்கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர் கீழே போய்விடுவார், பெட்டி அடுத்த ஆளுக்குத் திரும்பிவிடும். ஜனங்கள் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்ததும் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆறடி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. பிறகு போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அவ்வளவு கனத்தைத் தாங்கணும். தூக்கிட்டுப் போறப்ப தவறியும் திறந்துடக்கூடாது. ஆனா இழுத்தா ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் விழணும். கதவுக் கீலை எங்க வச்சிருப்பான்? இந்தப் படத்துல தெரியவே மாட்டேங்குதே."

"அதுல உள்துணி உண்டா?" என்று அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இல்லையாம்க்கா. சாக்குல கட்டிப் போட்டுடுவாங்களாம்."

"அப்ப அந்த ராஜா உருப்பட்டிருக்க மாட்டான்."

கொஞ்ச நேரம் தைத்தார். பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார். "போய்ப் பாத்துட்டு வரலாமா?"

கடலுக்கே போகாதவர்கள். ஆறடி வேடிக்கை என்று நினைத்தார். அக்கா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மகளைப் போனில் பிடித்து அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார். மகள் முதலில் சந்தோஷத்தில் அழுதாள், பிறகு டிக்கெட், அறை, விசா என்று இறங்கினாள். ஒரு நாள் அரண்மனை, ஒரு நாள் பழைய ராட்டினம், ஒரு நாள் பெட்டி. நடுவில் எங்கேயாவது உட்கார்ந்து பாலாடை மிதக்கிற காபி. இது அக்காவின் திட்டம்.

"அத்தனை தூரம் பிளேன் ஏறிப் போயும் பெட்டியத்தான் பாக்கணுமா? அந்த ஊர்ல சினிமா தியேட்டரே கிடையாதா?" என்றான் சவாரி. அவனே இன்னொன்றும் கண்டுபிடித்துக் கொண்டு வந்தான். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு எழுபத்தொன்றாம் எண் டிராம் போகிறதாம். ஒருவர் எழுபத்தொன்றில் ஏறிவிட்டார் என்றால் வியன்னாவில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தமாம். "நீங்க ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்தே ஏறப் போறீங்க. திரும்பி வர்றதுக்கும் சேத்து எடுத்துக்குங்க."

அக்கா சிரிக்கவில்லை. அது ஆறடிக்கு அப்போது உறைக்கவில்லை.

விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டான்.

"ஒரு பெட்டி பாக்கணும் சார்."

"என்ன பெட்டி?"

ஆறடி விளக்க ஆரம்பித்தார். விளக்கும்போதே கண் வழக்கம்போல இறங்கிவிட்டது. உட்கார்ந்திருந்தவனை அளந்ததில் காலுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பலகை வேண்டியிருந்தது. இளைஞனுக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். அக்கா முந்திக்கொண்டு, "அரண்மனை பாக்கத்தான் தம்பி. இவருக்கு வயசாகுது, உளறுவாரு" என்றார். விசா வந்தது.

நாள் நெருங்க நெருங்க அக்கா சாப்பாட்டைக் குறைத்தார். "அங்க நம்ம வாய்க்கு எதுவும் கிடைக்காதே. இப்பவே பழகிக்கிறேன்." மாடிப்படியில் நடுவே நின்று மூச்சு வாங்கினார். "அரண்மனைல எத்தனை படியோ, அதான் ஒத்திகை." எல்லாவற்றுக்கும் வியன்னாவே பதிலாக இருந்தது. ஆறடி நம்பினார். ஓரக்கண்ணில் பட்டவரை அக்கா எப்போதும் இருந்த அகலத்தில்தான் இருந்தார். ஓரக்கண்ணுக்கு மேல் பார்ப்பதில்லை என்பதுதான் அவர் விரதமாயிற்றே. குளிருக்குக் கோட்டு வாங்கக்கூட அக்கா தம்பியோடுதான் போனார். "நீங்க வந்தா கடைக்காரன் கடைய மூடிடுவான்."

கிளம்பும் வாரத்தில் பட்டறையைக் காலி செய்தார்கள். இருந்த பெட்டிகளை ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு கடைக்காரருக்கு அனுப்பினார்கள். பஞ்சு விரிப்பு முன்பே தீர்ந்திருந்தது. இந்த முறை சுருள் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று ஆறடி ஒரு தடவை யோசித்தார். எலி இழுத்திருக்கும் என்று விட்டுவிட்டார். மூலையில் மேஜைப் பலகை மட்டும் சாத்தியபடி நின்றது.

பயணத்தன்று காலையில் அவர் போனை அணைத்து முக்காலியின் மேல் கவிழ்த்து வைத்தார். மாலையில் விமானம். பெட்டி படுக்கை கட்டியாயிற்று. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

போனை அணைத்தால் சாவு என்ன செய்யும்? நடந்து வந்தது. ஷட்டருக்கு அடியில் இரண்டு கால் நின்றன. ஒன்றில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை.

ஆறடி ஷட்டரைத் தூக்கினார். முப்பதைத் தாண்டாத ஒரு ஆள். விரலில் ஒரு சணல் நூலைச் சுற்றியிருந்தான். அளவுக்காக வீட்டில் வெட்டிக் கொடுத்த நூல். விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிச் சுற்றியிருந்தான்.

"அந்த ஊர்க்கோடிக் கடைல கேட்டேன். பெரியவங்க அளவுதான் ரெடியா இருக்காம்" என்றான். "மத்தியானத்துக்குள்ள வேணும்ணே."

ஆறடி நூலை வாங்கக் கை நீட்டினார். அவனால் அதை அவிழ்க்க முடியவில்லை. அவரே ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். அவிழ்த்துப் பிடித்தபோது நூல் அவர் இடுப்பைக்கூட எட்டவில்லை.

மாடிப்படியில் அக்கா நின்றிருந்தார். பயணத்துக்கு உடுத்தித் தயாராக. ஆறடி அக்காவின் முகத்தைப் பார்த்தார். வேலை வந்துவிட்டது என்று சொல்லி இத்தனை வருஷமும் ஒவ்வொரு பயணத்தையும் தின்ற அந்த முகக்குறி இப்போது தன் முகத்தில் ஏறியிருப்பதை அக்கா பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது.

"என்ன பாக்கறீங்க? அறுங்க" என்றார் அக்கா. "சாயங்காலம்தானே பிளேன்."

ஒரு மரப்பெஞ்சைப் பிரித்துப் பலகை எடுத்தார். அறுத்தார், இழைத்தார், மூட்டினார். சின்னப் பெட்டிக்கு வேலை குறைவு என்று தொழில் தெரியாதவர்கள் சொல்வார்கள். அந்த ஆள் வாசலில் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். சவாரி வந்து சேர்ந்தான். வழியனுப்ப வந்தவன் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினான்.

பெட்டி முடிந்தது. அக்கா வெள்ளைத் துணியோடு உட்கார்ந்தவர் நிமிர்ந்தார்.

"பஞ்சு கொஞ்சங்கூட மிச்சமில்லையா?"

"தீந்துடுச்சே."

"வாங்கிட்டு வரலாம்ல?"

"இன்னைக்குக் கடை லீவுக்கா" என்றான் சவாரி. சொல்லிவிட்டு அக்காவை ஒரு மாதிரி பார்த்தான்.

"துணி மட்டும் போட்டுத் தச்சிடு" என்றார் ஆறடி, தாழ்ந்த குரலில்.

அக்கா பலகையின் உள்பக்கத்தைக் கையால் தடவினார். வாசலில் இருந்தவனைப் பார்த்தார். "வெறும் பலகைல புள்ளையப் படுக்க வைக்கச் சொல்றீங்களா?"

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். சவாரி, "அக்கா, வேணாம்" என்றான். அக்கா திரும்பவில்லை. மேலே துணி கிழிகிற சத்தம் கேட்டது.

இறங்கி வந்தபோது இரண்டு கையிலும் பஞ்சு விரிப்பு. கடைச் சுருளில் இருந்த அதே விரிப்பு. ஆனால் வெட்டி, வளைத்து, தோளுக்கு, இடுப்புக்கு, முதுகுக்கு என்று தைத்துப் பிரித்த தையல் தடத்தோடு இருந்தது. தோள் வருகிற இடத்தில் இரட்டிப்பு. உள்சட்டையாகத் தைத்து அக்கா அணிந்திருந்தது அது. பயணத்துக்கு உடுத்தியிருந்த மேல்சட்டை மட்டும் இப்போது அக்காவின் மேல் இருந்தது. அது உடம்பில் இருந்ததாகச் சொல்ல முடியாது, கொடியில் கிடந்தது என்று சொல்லலாம்.

ஆறடி தலையைக் குனிய மறந்துபோனார்.

கண் தலையில் தொடங்கியது. தோளில் நின்றது. காலில் போய் முடிந்தது. அளவு விழுந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் சொன்ன அளவு அவருக்கு மறக்கவில்லை. இது வேறு யாருடைய அளவோ. இந்த அகலத்துக்கு அவர் எத்தனையோ பெட்டி செய்திருக்கிறார். இப்படிக் கரைந்து போனவர்களை எந்த வியாதி கரைத்தது என்றும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"எடுத்தாச்சா?" என்றார் அக்கா, தரையில் உட்கார்ந்துகொண்டே. "எவ்வளவுன்னு கேக்க மாட்டேன். ஒரு தடவ கேட்டுப் பட்டாச்சு. நூலைக் கோத்துக் குடுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

நூலைக் கோக்க அவருக்கு நேரமானது. அக்கா பஞ்சை விரித்துத் துணியைச் சுருக்கம் வைத்துத் தைத்தார். தோள் வருகிற இடத்தில் இரட்டித்தார். அந்தச் சின்னத் தோளுக்கு அக்காவின் தோள்பஞ்சு அதிகம். பாதியை வெட்டி எறிய மனமில்லாமல் தலைமாட்டில் வைத்தார். வாசலில் இருந்தவன் எதையும் கவனிக்கவில்லை. பெட்டியை அவனும் சவாரியும் வண்டியில் ஏற்றினார்கள். கூலி பற்றி அவன் ஏதோ தொடங்கினான். "போப்பா, நேரமாகுது" என்றார் ஆறடி.

சவாரி திரும்பி வந்தபோது பட்டறையில் இரண்டு பேரும் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டார் ஆறடி.

சவாரி சுவரைப் பார்த்தான். "நான்தான் மாமா கூட்டிட்டுப் போனேன். நம்ம வண்டிலதான். என் வண்டில ஆஸ்பத்திரிக்குள்ள போன ஒரே ஆளு அக்காதான். வாட்ச்மேன் கேட்டை மூடிட்டான். பாடி எடுக்கிற வாசல் பின்னாடி இருக்கு, அங்க போன்னான். இல்லப்பா, இறக்கணும்னு சொன்னா அவனுக்குப் புரியவே இல்ல." சிரிக்கத்தான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் மூக்கைச் சட்டைக்கையில் துடைக்க வேண்டியதாயிற்று.

"இத்தனை மாசமா எங்கிட்ட மறைச்சிருக்கீங்க. எங்கிட்ட."

"மறைக்கறதா? தினமும் உங்க முன்னாடிதான் நடந்தேன்" என்றார் அக்கா. "நீங்க பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். பாக்க மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் உங்க ஓரக்கண்ணையும் நம்ப முடியாதே, அதான் பஞ்சு."

ஆறடி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஊரில் ஒருத்தர் விடாமல் அளந்த கண்ணை ஒரே ஒருத்தர்மேல் படாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அது அன்பு என்று நினைத்திருந்தார். காப்பாற்றியது அக்காவையா, தன்னையா? இப்போது கணக்குப் பார்க்கிற நேரம் இல்லை.

"துணிப்பெட்டியப் பிரி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று எழுந்தார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? மருந்து இல்லாமயா போச்சு?"

"இருக்கு. போட்டுக்கிட்டா கொஞ்சம் தள்ளிப் போகுமாம். டாக்டர் நல்ல மனுஷன், பொய் சொல்லல. தள்ளித்தான் போகும், நிக்காதுன்னாரு. படுக்கைலயே கிடக்கணும், முடி போகும், வாந்தி வரும், அப்படியும் தள்ளிப் போகும்." அக்கா ஊசியை நூல்கண்டில் குத்தினார். "தள்ளிப் போறதுன்னா என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும்ங்க. கடலுக்குப் போறது தள்ளிப் போச்சு. மலைக்குப் போறது தள்ளிப் போச்சு. மேஜை தள்ளிப் போச்சு. யார் யாரோ செத்ததுக்கெல்லாம் நாம நின்னோம். என் சாவுக்காவது நிக்காம போலாமேன்னு பாத்தேன்."

சவாரி வெளியே போய் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"போற வழில ஏதாவது ஆயிட்டா?" என்றார் ஆறடி.

"நல்ல மரப்பெட்டிக்காரன் அந்த ஊர்லயும் இருப்பான். இல்லாட்டி உங்க ராஜா பெட்டி இருக்கு."

"வாயக் கழுவு."

"கழுவிட்டேன். கிளம்பலாமா?"

ஆறடி நின்றார். பிறகு தலையைக் குனிவதை விட்டுவிட்டு அக்காவை நேராகப் பார்த்தார். அளவு மறுபடியும் விழுந்தது. விழட்டும் என்று விட்டார். அளவு விழுந்து முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காருவார் என்பது இவருக்குத் தெரியாது. கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது மறந்தே போயிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது.

"அப்படிப் பாக்காதீங்க, ஒரு மாதிரி இருக்கு" என்றார் அக்கா. ஆனால் சட்டையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

ஆறடி மாடிக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கினார். கோட்டையும் எடுத்து வந்தார்.

அந்த வண்டியில் முன்சீட்டில் மூன்று பேர் இடித்துப் பிடித்துத்தான் உட்கார முடியும். துணிப்பெட்டிகள் பின்னால், மற்றவர்கள் படுக்கிற இடத்தில் படுத்திருந்தன. வழியில் பார்த்தவர்கள் வழக்கம்போல ஒதுங்கி நின்றார்கள். ஒரு ஆள் தொப்பியைக்கூடக் கழற்றினான்.

"உங்க துணிமணிக்கு இவ்வளவு மரியாதை எந்த ஊர்லயும் கிடைக்காது" என்றான் சவாரி.

நாற்சந்தியில் சிக்னல் விழுந்தது. நேரே போனால் விமான நிலையம். இடது கைப்பக்கம் ஆஸ்பத்திரி. சவாரி ஸ்டியரிங்கில் விரலைத் தட்டியபடி, முன்னால் பார்த்துக்கொண்டே, "மாமா?" என்றான்.

அக்கா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. அவர் கை ஆறடியின் முழங்கால்மேல் இருந்தது. பஞ்சு இல்லாத கை. கனமே தெரியவில்லை.

"நேராப் போ" என்றார் ஆறடி.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா கண்ணைத் திறந்தார். "பொண்ணுக்கு அங்க போய் இறங்கினதும் போன்ல நீங்களே சொல்லிடுங்க. நான் தூங்கற மாதிரி நடிக்கிறேன்."

"சரி."

"பெட்டிய நல்லாப் பாருங்க. வேணாம்னு சொல்லாதீங்க."

"எனக்கு எந்தப் பெட்டியும் பாக்க வேணாம்."

"கீலை எங்க வச்சான்னு தெரிய வேணாமா? தெரியாம திரும்பி வந்தா காலம் பூரா பொலம்புவீங்க. அப்ப காது குடுத்துக் கேக்க யாரு இருக்கா?"

விமான நிலைய வாசலில் சவாரி சக்கர நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தான். வேண்டாம் என்று முறைத்துவிட்டு அக்கா அதில் உட்கார்ந்தார். கோட்டைப் போட்டுவிட்டார்கள். பஞ்சோடு அளவெடுத்து வாங்கிய கோட்டு. பஞ்சு இப்போது இல்லை. பித்தானை எல்லாம் போட்ட பிறகும் உள்ளே இன்னொருவர் நுழைய இடம் இருந்தது. ஆறடி தன் கழுத்துத் துண்டை எடுத்து, மடித்து, ஒரு தோளில் செருகினார். மற்றத் தோளுக்குச் சவாரி தன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

"இதுதான்டா உள்துணி வேலை. கத்துக்கிட்டீங்க" என்றார் அக்கா.

நாற்காலியைத் தள்ளும் பணியாளர் வந்து அக்காவைக் கண்ணாடிக் கதவுப் பக்கம் நகர்த்தினார். ஆறடி ஒரு நிமிஷம் பின்தங்கினார். கடைச் சாவியைச் சவாரியின் கையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"அந்த மூலைப் பலகை" என்றார்.

சவாரி காத்திருந்தான்.

"யாரு வந்து கேட்டாலும் குடுத்துடாத. எவ்வளவு அவசரம்னாலும்."

உயிரோடு இருக்கிறவர் பெட்டிக்கென்று மாமா ஒரு துண்டு மரம்கூட எடுத்து வைத்துச் சவாரி பார்த்ததில்லை. "மேஜைக்குத்தானே மாமா?"

ஆறடி கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அதற்கு அப்பால் அந்தப் பெரிய கோட்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கைக்குட்டை போதவில்லை.

"மேஜைக்குத்தான்" என்றார்.

சொல்லிவிட்டு, கோட்டின் அந்தத் தோளைச் சரிசெய்ய உள்ளே ஓடினார்.